என் கல்யாணத்தை ரத்து செய்த என் மென்பொருள்

சொந்தக் கல்யாணத்தைச் சொந்தக் கையால் நிறுத்திய பெண்கள் சிலர் இருக்கலாம். மாப்பிள்ளை பிடிக்காமல் நிறுத்தியிருப்பார்கள். அதில் ஒரு வீரம் உண்டு. நான் மாப்பிள்ளை மேல் உயிரையே வைத்துக்கொண்டு நிறுத்தினேன். அதுவும் நானே எழுதிய மென்பொருளை வைத்து.

அப்போது எனக்குக் கண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. திகனயில் கல்யாண மண்டபம் வைத்திருந்த ரிஸ்வான் ஹாஜியாருக்கு ஒரு மென்பொருள் செய்து கொடுத்தோம். மண்டபம், சாப்பாடு, பூ, மேளம், பஸ் எல்லாம் அதில் தனித்தனிச் சேவைகள். நடுவில் ஒருங்கிணைப்பான் என்று ஒன்று. கல்யாண வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ, அந்த வரிசையில் அது ஒவ்வொருவரிடமும் 'வருவீர்களா?' என்று கேட்கும். ஒருவர் பதில் சொல்லாவிட்டால் தானாகவே இன்னொருவரைத் தேடும். ஒருவருமே கிடைக்காவிட்டால், வாடிக்கையாளரைப் பாதிக் கல்யாணத்தோடு தவிக்க விடாமல், அதுவரை பதிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக ரத்து செய்து, விருந்தினருக்கும் அறிவித்துவிடும். அந்தக் கடைசிப் பகுதியை எழுதி முடித்த அன்று எனக்கு நானே ஒரு ஃபலூடா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன் (அவ்வளவு பெருமை).

"எது மாறினாலும் இது தானாக வளைந்து கொடுக்கும்" என்று ஹாஜியாரிடம் அளந்துவிட்டதோடு நிற்காமல், என் கல்யாணத்தையும் அதிலேயே பதிந்து வைத்தேன். அந்தக் கல்யாணமோ லேசில் கூடி வந்ததல்ல. நாங்கள் என் சிறுவயதிலேயே மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திகனக்குக் குடிவந்தவர்கள். மாப்பிள்ளை செந்தூரன் வீட்டார் கண்டியில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். "தோட்டத்துப் பிள்ளையோ?" என்று அவர்களுடைய சொந்தங்கள் இழுத்த இழுப்பில், அவருடைய அப்பா சம்மதம் சொல்வதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு கையிலும் மருதாணியோடு உட்கார்ந்திருக்கிறேன். முகூர்த்தத்தைக் கொஞ்சம் முன்னால் எடுக்க வேண்டும் என்று ஐயரிடமிருந்து தகவல் வந்தது.

"எல்லாருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிருவமா?" என்றார் பெரியம்மா.

"இந்தக் காலத்துல யாரு பெரியம்மா போன் போட்டுப் பேசுறா? இப்பப் பாருங்க" என்று சொல்லி, நேரத்தை மாற்றி, மருதாணி படாமல் விரல் முட்டியால் போனில் ஒரு தட்டுத் தட்டினேன்.

ஒருங்கிணைப்பான் கிளம்பியது. மண்டபம் சரி, சாப்பாடு சரி, பூ சரி, மேளம் சரி. கடைசியில் மடுல்கெல்லவிலிருந்து சொந்தக்காரர்களை ஏற்றி வரும் பஸ். அதன் சொந்தக்காரர் நஸீர் நானாவிடமிருந்து பதில் இல்லை. அடுத்த பஸ்காரரைக் கேட்டது. அவரும் பதில் இல்லை. மூன்றாமவரும் இல்லை. எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம். மூவரும் போனை அணைத்துவிட்டு ஒரே பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தார்கள். திகனயிலேயே வளர்ந்த எனக்கு இது நினைவில் இல்லை. உலகத்தில் பஸ்ஸே கிடையாது என்று முடிவு செய்த என் மென்பொருள் வேலையைக் காட்டிவிட்டது.

முதலில் அம்மாவின் போன் கூவியது. பிறகு வீட்டிலிருந்த எல்லாருடைய போனும் கூவியது. 'இந்தத் திருமணம் ரத்து செய்யப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம். இப்படிக்கு, மணமகள். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

"ஏன்டி, ஒங் கல்யாணத்த நீயே நிப்பாட்டிட்டியாடி?" அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதற்குள் மடுல்கெல்லச் சித்தப்பா ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார் (கடைசி வரியை மட்டும்தான் வாசித்தாராம்).

செந்தூரனுக்கு அடித்தால் பிஸி. சொந்தங்கள் எல்லாரும் அவரைத்தான் குடைந்துகொண்டிருந்திருப்பார்கள். இதைவிட மோசமானதைப் போனில் பார்த்தேன். காலியான மண்டபத்தை என் மென்பொருள் சும்மா விட்டுவைக்கவில்லை. காத்திருந்த இன்னொரு கல்யாண வீட்டுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டது. ஹாஜியார் 'சரி' என்று ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. அவரும் இந்நேரம் அதே பள்ளிவாசலில்தான் இருப்பார். மருதாணிக் கையோடு ஒரு முச்சக்கர வண்டியில் ஏறிப் பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

வாசலுக்கு எதிரே வண்டி நின்றபோது மாமா, அதாவது செந்தூரனின் அப்பா, அழைத்தார். கையெல்லாம் பச்சைக் குழம்பு. சாரதி அண்ணன்தான் பாவம், ஸ்பீக்கரைப் போட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பிள்ளை, மெசேஜ் பாத்தனான்" என்றார் மாமா. கோபமே இல்லாத குரல். "உமக்கு விருப்பமில்லாட்டி நேர சொல்லியிருக்கலாமே. எங்கட ஆக்கள் கதைச்ச கதையள் உமக்கு நொந்திருக்கும். நான் ஒண்டும் பிழையா நினைக்க மாட்டன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மனுஷன் தன் பக்கத்தில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. ஒருங்கிணைப்பான், சேவை, பஸ் என்று ஏதோ விளக்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அந்த அழுகையோடு அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்:

"மாமா! எனக்கு விருப்பம் மாமா! ரொம்ப விருப்பம் மாமா!"

தொழுகை முடிந்து ஜனம் வெளியே வந்த நேரம் அது. செருப்புத் தேடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள். போனில் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப சரி. ஞாயிற்றுக்கிழமை வாறம்" என்று வைத்துவிட்டார்.

ஹாஜியாரும் நஸீர் நானாவும் பதறிக்கொண்டு வந்தார்கள். "என்ன புள்ள, யாரும் மௌத்தா?" என்று, ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துக் கேட்டார் நஸீர் நானா. விஷயத்தைச் சொன்னதும், "பஸ் வரும் தானே மகள், ஒங்கட வாப்பாக்கிட்ட எப்பவோ சொன்னதுதானே" என்றார். ஹாஜியார் பையிலிருந்த போனை அப்போதுதான் உயிர்ப்பித்தார். மற்றக் கல்யாணத்துக்கு அவர் 'இல்லை' என்று தட்டும்வரை நான் மூச்சு விடவில்லை. தட்டியதும், பள்ளிவாசல் வாசல் என்றும் பாராமல், நிம்மதியில் அங்கேயே இன்னொரு தடவை அழுதேன்.

அன்று பின்னேரம் முழுக்க, சமையல்காரர், பூக்காரர், மேளக்காரர் முதல் விருந்தினர் வரை ஒவ்வொருவராகப் போன் போட்டு என் வாயாலேயே கல்யாணத்துக்கு அழைத்தேன். அதன் பிறகு நான் செய்யும் எந்த மென்பொருளும், மனிதர் ஒருவர் 'சரி' சொல்லாமல் எதையும் ரத்து செய்வதில்லை. வீட்டில்தான் நிலைமை வேறு. இன்னும் கொஞ்சம் சொதி விடட்டுமா என்று கேட்டால் போதும், மாமா தட்டை நீட்டி, என் குரலில், "எனக்கு விருப்பம் மாமா!" என்பார். அவரைப் பார்த்து என் மகளும் பழகிவிட்டாள்.

போன மாதம் செந்தூரனோடு திகனயில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீங்க தானே அன்னைக்கி பள்ளி வாசல்ல விருப்பம் சொன்ன புள்ள?" என்றவர், செந்தூரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இப்பவும் விருப்பம் தானா?"

செந்தூரன் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"விருப்பம் தான்" என்றேன், இந்தத் தடவை மெதுவாக.