இளைஞர் மன்றத்தின் நாற்பத்தாறு வயது இளைஞர்

ரகசியம் என்ற சொல்லுக்கே எங்கள் ஊரில் மரியாதை இல்லாமல் போனதற்கு முழுமுதற் காரணம் தீர்மானம் அண்ணன்தான். வெண்ணந்தூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அண்ணன் வீட்டில் நான்கு. பிறந்ததிலிருந்து அந்தத் தடதடப்புக்கு மேலே கத்திக் கத்தியே பேசிப் பழகியவர். தறி நின்ற பிறகும் குரலை இறக்கத் தெரியாது. அவர் ஒருவர் காதில் குசுகுசுத்தால், அடுத்த தெருவில் துணி காயப்போடுகிறவர் “அப்படியாங்க?” என்று கேட்பார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் இளைஞர் மன்றத்துக்கு அவர்தான் காலங்காலமாகச் செயலாளர். எதையும் தீர்மானமாகப் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கூட்டத்தில் டீயோடு போண்டாவா, பஜ்ஜியா என்பதற்குத் தீர்மானம். மன்றத்து வாசலில் படுத்துக்கொண்டிருந்த நாயை, ‘மறு உத்தரவு வரும்வரை அனுமதிப்பது’ என்று ஒரு தீர்மானம். அந்த நாய் தன் உரிமை தெரிந்து, கடைசிவரை நகரவே இல்லை.

நான் தலைவியானதும் அப்படித்தான். ஒரு நாள் மன்றத்துச் சாவி கேட்கப் போனேன். “படிச்ச புள்ள, தப்பில்லாம எழுதும். தலைவரா போட்டுரலாமுங்க” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அதன் பிறகு தெருவில் பார்த்தால் நான் செல்லமாகச் ‘சாமி’. கூட்டத்தில் உட்கார்ந்தால் ‘தலைவரே’, ‘வாங்க’, ‘போங்க’. என்னைவிட இரண்டு மடங்கு வயதுக்காரர் எழுந்து நின்று பேச அனுமதி கேட்பார். எனக்குக் கூச்சத்தில் உயிரே போய்விடும்.

சாவி கேட்டதற்குக் காரணம் உண்டு. தறி ஓடும் வீட்டில் உட்கார்ந்து படித்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் நான் பிளஸ் டூ படித்தேன். ஊரிலேயே சத்தமில்லாத இடம், ஊர்க்கோடியில் இருந்த மன்றத்தின் ஒற்றை அறை மட்டும். சாயங்காலமானால் இருபது பிள்ளைகள் அங்கே படிக்க வருவார்கள். ஆனால் மேலே இருந்த தகரத்தில் ஓட்டை இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மழை வந்தால் புத்தகத்தை வயிற்றில் ஒளித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்கள். கூரை போட அரசாங்கத்தில் மானியம் கேட்டோம். மன்றமும் தன் பங்குக்குக் கொஞ்சம் திரட்ட வேண்டும் என்றார்கள்.

வசூலில் அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊரில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர் இருந்தார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அன்றைக்கு என்ன நல்ல நேரமோ, எங்களைப் போர்வெல் லாரிக்குப் பின்னால் கூட்டிப்போய், “ஐயாயிரம் வெச்சுக்குங்க. ஊட்டுல தெரிய வேண்டாம்” என்று கையில் திணித்தார்.

அண்ணனுக்கு மனசு உருகிவிட்டது. “ஐயாயிரமுங்களா! ஊட்டுக்குத் தெரியாமத் தாரீங்க! உங்க மனசு யாருக்குங்க வரும்!” என்று குரல் தழுதழுக்க நன்றி சொன்னார். லாரியே அதிர்ந்தது. வீட்டுக்குள்ளேயிருந்து முதலாளியின் சம்சாரம் வெளியே வந்தார்.

“கிரைண்டர் ரிப்பேருக்குக் கேட்டா காசில்லீன்னீங்களே?”

முதலாளிக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அண்ணன் அந்த அம்மாவுக்கும் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். முதலாளி அவர் வாயைப் பொத்தி, “இந்தாங்க, இன்னும் ரெண்டாயிரம். சாமி சத்தியமா இனி நன்றி மட்டும் சொல்லிப்போடாதீங்க!” என்றார். அதற்குப் பிறகு வசூலுக்கு நாங்கள் பேசிக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. அண்ணன் வாசலில் நின்று தொண்டையைச் செருமினால் போதும்.

எங்கள் பங்கு சேர்ந்தது. மன்றத்தைப் பார்வையிட அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. கூடவே ஒரு விதியும் வந்தது: மன்றத்து உறுப்பினர் எவருக்கும் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் கவலையே படவில்லை. “வயசெல்லாம் மனசுலதானுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்த் தலைக்குச் சாயம் அடித்தார். தலையோடு காது மடலும் கறுத்தது. அக்கா மகனின் கல்லூரி பனியனை மாட்டிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு அதிகாரி முன்னால் நின்றார்.

அதிகாரி நல்ல மனிதர். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி, “இவ்வளவு ஒழுங்கா எழுதின புத்தகத்த நான் எங்கயும் பாத்ததில்ல” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உங்க செயலாளருக்கு என்னம்மா வயசு?” என்று கேட்டார்.

அண்ணன் குனிந்து என் காதோடு ரகசியம் சொன்னார்.

“முப்பத்தி நாலுன்னு சொல்லிப்போடு சாமி! நாப்பத்தாறுன்னு தெரிஞ்சா காரியமே கெட்டுப்போவும்!”

அதிகாரியின் பேனா நின்றது. எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது: “நாப்பத்தேழுங்க! எங்க பெரியவனும் அவரும் ஒண்ணாப் படிச்சாங்க!”

“இன்னும் முடியலீங்க! ஐப்பசியிலதான் ஏழு!” என்று அண்ணன் திருப்பிக் கத்தினார்.

அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும் விதி விதிதானே. “மாசம் முடியறதுக்குள்ள இவரை நீக்கித் தீர்மானம் அனுப்புங்கம்மா. இல்லேன்னா ஃபைல் திரும்பிடும். அப்புறம் என் கையில எதுவும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் மன்றம் கூடுவது மாதத்தில் ஒரே நாள்தான். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள். அன்றைக்குத்தான் தறிகள் நிற்கும், ஆட்கள் வருவார்கள். அழைப்பை அண்ணனே எழுதி ஒட்டியிருந்தார். பொருள் ஒன்று: செயலாளரை நீக்குதல். பொருள் இரண்டு: தேநீர்.

கூட்டம் செல்லுபடியாக ஒன்பது பேர் வேண்டும். வந்தது எட்டு. எனக்கு உள்ளூர நிம்மதி.

“ஒம்பதாவது நான் இருக்கறனுங்க தலைவரே” என்றார் அண்ணன்.

“உங்களை நீக்கற கூட்டத்துக்கு உங்களையே எப்படிங்கண்ணா எண்ணறது?”

“நீக்கற வரைக்கும் நான் உறுப்பினருங்க. விதி அஞ்சு.” புத்தகத்தை எடுத்துப் படித்தும் காட்டினார்.

தீர்மானத்தைக் கணீரென்று வாசித்தார். ஒரு கையும் எழவில்லை. பாவு ஓட்டும் செல்வம், “அண்ணன நீக்கிப்போட்டு அந்தக் கூரை ஒண்ணும் வேண்டாமுங்க” என்றான்.

அண்ணனுக்கு வந்ததே கோபம். “மழ வந்தா உன்ற தங்கச்சி எங்கடா ஒக்காந்து படிக்கும்? தறிக்கு அடியிலயா? தூக்குடா கைய! அஞ்சு மணிக்குக் கரண்டு வந்துரும், அப்புறம் ஒருத்தன் நிக்க மாட்டீங்க!”

அவரே முதலில் கையைத் தூக்கினார். செல்வம் தலையைக் குனிந்துகொண்டு தூக்கினான். ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். கடைசிக் கை என்னுடையது. வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டு எந்தக் காரியத்தையும் செய்ததில்லை.

அண்ணன் எழுத உட்கார்ந்தார். ‘வயது மூப்பின் காரணமாக’ என்று எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘மூப்பின்’ என்பதை அடித்துவிட்டு ‘வரம்பின்’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு, புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே உட்காரக் கூடாதாம், அதுவும் ஒரு விதி. எழுந்து போய் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

அங்கிருந்து ஏதோ கேட்டார். எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணன் பேசி எங்களுக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து பக்கத்தில் போனேன்.

“கூட்டம் நடக்கறப்ப இப்படி ஓரமா நின்னு கேட்டுக்கலாமுங்களா, தலைவரே?”

எனக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

“உள்ள வந்து ஒக்காருங்கண்ணா! விதியாவது, வெங்காயமாவது!”

மானியம் வந்தது, கூரையும் வந்தது. இப்போது பிள்ளைகள் அடைமழையிலும் அசையாமல் படிக்கிறார்கள். எங்கள் உறுப்பினர் பட்டியலில் இப்போது அண்ணன் பெயர் கிடையாது. ஆனால் அவர் வந்து உட்காராமல் ஒரு கூட்டத்தையும் தொடங்க எனக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை.