ஏழு கையெழுத்தும் ஒரு கரும்பலகையும்

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் இளைய சகலை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பதாக நம்பத்தகுந்த வட்டாரங்களிலிருந்து தெரியவந்துள்ளது. அதாவது, உங்கள் மைத்துனி நேற்று தன் அக்காவோடு போனில் பேசியதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். என் மகள் ஏழு மாத வயிற்றோடு வந்து எங்களுடன் இருக்கிறாள். நிற்க.

எங்கள் வால்வுக்காரரை மலைமேல் நீரேற்று நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்று முந்தாநாள் போனில் கேட்டேன். இடமாற்றப் பிரிவிலேயே இருக்கும் நீங்கள், வெறும் வாய்ப்பேச்சில் கோப்பு நகராது, காரணத்தை விவரமாக எழுதி அனுப்பு என்றீர்கள். எழுதுகிறேன். படித்துவிட்டு இது பொறாமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இருபத்திரண்டு வருஷமாகக் குடிநீர்த் துறையில் மக்கள் தொடர்பு அலுவலராக இருக்கிறவன், வால்வைத் திறந்து மூடுகிற ஒரு ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அவருக்கு ஒரு சைக்கிள், ஒரு பெரிய சாவி, ஒரு கரும்பலகை. எனக்குத் தனி அறை, சுழல் நாற்காலி, பெயர்ப்பலகை. அந்தக் கரும்பலகையைத்தான் அண்ணா, என்னால் தாங்க முடியவில்லை.

அது எப்படி வந்தது என்றால், தண்ணீர் வராத நாளெல்லாம் ஜனங்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். தூக்கம் போகிறதே என்று ஒரு பள்ளிக்கூடத்தில் தூக்கிப் போட்ட பலகையைக் கேட்டு வாங்கி, பம்ப் ஹவுஸ் கதவில் மாட்டி, சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார். முதல் நாள் எழுதியதைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்: "இன்று தண்ணீர் வராது. பெரிய குழாய் உடைந்துவிட்டது. நான்தான் வால்வை வேகமாகத் திறந்துவிட்டேன். மன்னிக்கவும்." ஒரு அரசு ஊழியர் எழுதுகிற எழுத்தா இது? இதையே நான் எழுதியிருந்தால், "தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் குடிநீர் விநியோகத்தில் தற்காலிகத் தொய்வு ஏற்பட்டுள்ளது, சீரமைப்புப் பணிகள் போர்க்கால அடிப்படையில் முடுக்கிவிடப்பட்டுள்ளன" என்று எழுதியிருப்பேன். படித்தால் எவ்வளவு நிறைவாக இருக்கிறது பாருங்கள். ஆனால் குழாயை உடைத்தேன் என்று எழுதிய மனிதரை அந்தத் தெருக்காரர்கள் அடிக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் அறிவிப்பைப் படித்துவிட்டு ஒருவரும் எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர்கூடக் கொடுத்ததில்லை. என் அறிவிப்புத் தாளில் கடைக்காரர்கள் பொட்டலம் கட்டுகிறார்கள். எனக்கே ஒருமுறை அதில் கட்டிக் கொடுத்தார்கள்.

சரி, ஊரார் எப்படியோ போகட்டும். வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது உங்கள் மைத்துனி சொல்கிறாள், "போற வழியில போர்டைப் பாத்துட்டு, இன்னிக்குத் தண்ணி வருமான்னு ஒரு போன் பண்ணுங்க." யாரிடம் சொல்கிறாள்? குடிநீர்த் துறையின் அதிகாரபூர்வ வாயாக இருக்கிற என்னிடம். நானும் மானத்தை விழுங்கிக்கொண்டு, செருப்பு வார் சரிசெய்கிற சாக்கில் பம்ப் ஹவுஸ் எதிரே குனிந்து, ஓரக்கண்ணால் படித்துவிட்டுப் போய் போன் பண்ணுகிறேன். ஒருநாள் அவரே பார்த்துவிட்டு, "சார், கண்ணாடி மாத்தணுமா? பெரிசா எழுதட்டுமா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து எழுத்து பெரிதாகிவிட்டது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதனால்தான் போன மாதம் ஒரு சுற்றறிக்கை தயாரித்து இயக்குநரிடம் கையெழுத்து வாங்கினேன். பொதுமக்களுக்கான எந்த அறிவிப்பும் மக்கள் தொடர்பு அலுவலரின் முன் அனுமதியோடுதான் வெளியாக வேண்டும். வால்வுக்காரர் முகம் சுளிக்கவில்லை. அன்றன்று எழுதப் போவதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மேஜைக்கு அனுப்பினார். நான் அதை முறைப்படி உதவியாளர், கண்காணிப்பாளர், உதவிப் பொறியாளர், செயற்பொறியாளர், சட்டப் பிரிவு, கணக்குப் பிரிவு, இயக்குநர் என்று ஏழு கையெழுத்துக்கு அனுப்பினேன். தண்ணீர் அறிவிப்பில் கணக்குப் பிரிவுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை தண்ணீர் வராது என்ற சீட்டு வியாழக்கிழமை திரும்பி வரும். அனுமதி வரும்வரை பலகையைக் காலியாக விட்டு, "ஆபீஸ்ல கையெழுத்தாகுதுங்க" என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கும் ஜனங்கள் என் ஜன்னலைத்தான் பார்த்தார்கள்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து சேதி வந்தது. கிழக்குத் தெருக்களுக்குப் போகிற குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. என் வீடும் அந்த வரிசைதான். உடனே "குடிக்க வேண்டாம்" என்று அறிவிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டேன். நான் கடமை தவறவில்லை, தேதியும் நேரமும் கோப்பில் இருக்கிறது. உதவிப் பொறியாளர் "குடிக்க வேண்டாம்" என்பதை "குடிப்பதைத் தவிர்க்கலாம்" ஆக்கினார். செயற்பொறியாளர் "தவிர்ப்பது குறித்துப் பரிசீலிக்கலாம்" ஆக்கினார். சட்டப் பிரிவு, தவிர்க்கச் சொன்னால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அந்த வரியையே அடித்தது. மிச்சம் இருந்தது, "குடிநீரின் தரம் உயர்மட்ட அளவில் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகிறது" என்பது மட்டும்தான்.

இதற்கிடையே வீட்டுக்கு போன் செய்தேன். எதிரே கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார், வாயைத் திறந்து சாக்கடை என்று சொல்ல முடியுமா? "குடிநீரின் தரம் குறித்துச் சிறு ஐயப்பாடு எழுந்துள்ளது, பயன்பாட்டைத் தவிர்ப்பது நலம்" என்றேன். உங்கள் மைத்துனி, "நீங்க எப்பவும் இப்படித்தானே பேசுவீங்க. போர்டுல ஒண்ணும் போடலையே. போட்டா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மாவட்டம் முழுவதற்கும் அறிவிப்பு விடுகிற ஒருவனுடைய அறிவிப்பு அவன் சமையலறை வரை போகவில்லை அண்ணா.

அடுத்த கால் மணி நேரத்தில், யாருடைய அனுமதியும் இல்லாமல், பலகையில் எழுத்து வந்துவிட்டது. "இன்றைய தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது. யாரும் குடிக்காதீர்கள். சரியானதும் சொல்கிறேன்." எப்படி வந்தது என்ற ஆராய்ச்சி இங்கே தேவையில்லை. சுற்றறிக்கை மீறப்பட்டது என்பதுதான் விஷயம். கிழக்குத் தெருக்கள் முழுக்கக் குடத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வியாழக்கிழமை அவரே, "சரியாகிவிட்டது, குடிக்கலாம்" என்று எழுதினார், குடித்தார்கள். வெள்ளிக்கிழமைதான் என் அறிவிப்பு ஏழு கையெழுத்தோடு வெளியே வந்தது. தரம் கண்காணிக்கப்படுகிறது என்று படித்ததும் ஊரே மறுபடி குடத்தைக் கவிழ்த்துவிட்டது. "நீங்க நல்லா இருக்குன்னு சொன்ன பிறகுதான் சார் பயமா இருக்கு" என்று ஒரு தையற்காரர் என் முகத்துக்கு நேரே சொன்னார். கடைசியில் வால்வுக்காரர் இன்னொரு வரி எழுத வேண்டியதாயிற்று: "ஆபீஸ் அறிவிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தண்ணீர் நிஜமாகவே நன்றாக இருக்கிறது."

இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? அனுமதியின்றி எழுதியதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்துவிட்டேன். இன்று மதியம் இயக்குநர் அறையில் விசாரணை. இடமாற்ற உத்தரவும் கையோடு வந்துவிட்டால் காரியம் சுத்தமாக முடியும். மலைமேல் நிலையத்தில் ஆள் நடமாட்டமே கிடையாது. அங்கே போய் எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் எழுதட்டும், ஆடுகள் நின்று படிக்கட்டும்.

அண்ணிக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் உரிய முறையில் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அன்பு உங்கள் எல்லோர் மேலும் தங்கு தடையின்றி விநியோகிக்கப்பட்டு வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள சகலை,
மக்கள் தொடர்பு அலுவலர்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் என் யோக்கியதை உங்களுக்குத் தெரியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். விசாரணையில் நாங்கள் மூன்று பேர்தான். இயக்குநர் கேட்டார், நான் குறிப்பெடுத்தேன், வால்வுக்காரர் நின்றுகொண்டிருந்தார். யார் எழுதச் சொன்னது என்ற கேள்வி வந்ததும் அவர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு, "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் எழுதினேன்" என்றார். என் கை, "தானாகவே எழுதியதாக ஒப்புக்கொண்டார்" என்று அழகாக எழுதியது.

பொய் அண்ணா. அந்த மனிதர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய். செவ்வாய்க்கிழமை உங்கள் மைத்துனி போனை வைத்ததும் நான் மாடிப்படிக்கு ஓடிப்போய் அவருக்குத்தான் போன் செய்தேன். மகள் நாளெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள், நான் சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள், உன் பலகையில் ஒரு வரி எழுது என்று கெஞ்சியவன் நான்தான். சுற்றறிக்கை இருக்கிறதே என்று அவர் கேட்கவே இல்லை. பிறகு அதே விஷயத்துக்குக் குறிப்பாணை கொடுத்தவனும் நான்தான். ஊர் முழுக்க அந்தப் பலகைக்கு நன்றி சொன்னதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேறு காரணம் கிடையாது. பொறாமைதான்.

வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "போன்ல நீங்க அழுதீங்க சார். அதைப் போய் அந்த ரூம்ல எப்படிச் சொல்றது?" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வால்வு திறக்கப் போய்விட்டார்.

நான் நேராக பம்ப் ஹவுஸுக்கு நடந்தேன். சாக்பீஸ் எடுத்து, "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, அழித்துவிட்டு, மறுபடி எழுதினேன். "போன செவ்வாய்க்கிழமை இங்கே எழுதச் சொன்னவன் நான். வால்வுக்காரர் மேல் தவறில்லை. ஆபீஸ் அறிவிப்பில்தான் உண்மை இல்லை." கீழே என் பதவியையும் எழுதினேன். ஒரே கையெழுத்தோடு நான் வெளியிட்ட முதல் அறிவிப்பு. இரண்டு குடத்தோடு நின்ற ஒரு அம்மா, "கொஞ்சம் ஓரமா நில்லுங்க, தண்ணி எப்பன்னு எழுத அவர் வருவாரு" என்றார். அவரும் வந்தார், என் எழுத்தைப் படித்தார், அதன் கீழே, "நாளை காலை ஆறு மணிக்குத் தண்ணீர்" என்று எழுதினார். கூட்டம் அந்த வரியை மட்டும் படித்துவிட்டுக் கலைந்தது. உங்கள் மைத்துனி மட்டும் கலையவில்லை. நாளைக்குத் தண்ணீர் உண்டா என்று பலகை பார்க்க வந்தவள் மேலே இருந்ததையும் படித்தாள். "எழுத்து கோணலா இருக்கு" என்றாள். கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்த பிறகு, "ஆனா புரியுது" என்றாள்.

இயக்குநருக்கும் இதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. நான் போனில் கேட்டதை வைத்தே இடமாற்றக் கோப்பை நீங்கள் சுற்றுக்கு விட்டிருந்தால் பதற வேண்டாம். அதற்கும் ஏழு கையெழுத்து. இந்நேரம் மூன்றாவது மேஜையைத் தாண்டியிருக்காது, பிடித்து நிறுத்திவிடுங்கள். மலைமேல் யாரையாவது அனுப்பியே ஆக வேண்டும் என்றால் நான் இருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மட்டும் ஆறவில்லை. நான் அவ்வளவு எழுதினேன், அவர் ஒரு வரி எழுதினார், எல்லோரும் அதைத்தான் படித்தார்கள். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் என்று போட்டிருக்கிறார். ஆறு மணிக்கு வந்துதான் தொலைக்கும்.