கண்மாயில் சுற்றிய மாப்பிள்ளை

சிவகாசியில் பிறந்தவர்களுக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நாங்களே காலண்டரில் அச்சடித்ததுதான். நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அலைமேல் ஒரு படகு மிதக்கும். கீழே ஏதாவது ஜவுளிக்கடையின் பெயர் இருக்கும். அந்தக் கடலறிவை மட்டும் வைத்துக்கொண்டு இரட்டை இன்ஜின் படகுக்கு ரிப்பேர் பார்த்தவன் நான். (யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. நானாகத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனேன்.)

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம் மழை வெளுத்து வாங்கியதில் நாரணாபுரம் பக்கத்துக் கண்மாய் ததும்பி நின்றது. ஊரில் மற்றவர்கள் வேட்டியை மடித்துக்கட்டி மீன் பிடிக்கப் போனார்கள். எனக்கு மாமனாராக நிச்சயிக்கப்பட்டிருந்த பட்டாசு கம்பெனி முதலாளி மட்டும் தூத்துக்குடிக்குப் போய், ஏலத்தில் ஒரு படகை எடுத்து, லோடு லாரியிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். பின்பக்கம் இரண்டு இன்ஜின், ஆளுக்கொரு பேட்டரி. மழை பெய்யாத வருடங்களில் அதை எங்கே விடுவது என்று கேட்கும் துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

தீபாவளி சீசன் முடிந்து, வடக்கேயிருந்து ஏஜென்டுகள் அடுத்த ஆர்டர் பேச வந்திருந்தார்கள். அவர்களைப் படகில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் ஆர்டர் தானாக விழும் என்பது மாமனாரின் வியாபாரக் கணக்கு. வருங்கால மாப்பிள்ளையையும் காட்டிவிடலாம் என்று என்னையும் வரச்சொல்லியிருந்தார். கரையில் என் மாமியார், எனக்கு நிச்சயமான மீனா, மாலையும் கழுத்துமாக நான்கு ஏஜென்டுகள். தேங்காய் உடைத்தாயிற்று, சூடம் காட்டியாயிற்று. மாமனார் சாவியைத் திருப்பினார். வலது இன்ஜின் உறுமியது. இடது இன்ஜினிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

வலதையும் அணைத்துவிட்டு மாமனார் என் பக்கம் திரும்பினார். “மாப்ள, நீங்க கரண்டுக்குத்தான படிச்சீக?”

அதற்குத்தான் படித்திருந்தேன். முதல் வகுப்பில் வேறு தேறியிருந்தேன். ஒரு பிரஸ்ஸில் அச்சு மிஷின்களின் மோட்டார்களையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தேன். ஆகவே, “இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல மாமா, பேட்டரி டவுனாகியிருக்கும்” என்றேன், மீனாவின் காதில் விழும்படியாக.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் சார்ஜ் நிறைந்திருந்தது. மீட்டர்மேல் சந்தேகப்பட்டேன். டெர்மினலைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளிக்கொலுசு மாதிரி பளபளப்பாக்கி மாட்டினேன். இன்ஜின் அசரவில்லை. வலது பேட்டரியைத் தூக்கி இடதுக்கு வைத்தேன். அப்போதும் இல்லை. சரி, சாவியில்தான் கோளாறு என்று தீர்ப்பளித்து, சாவிக்குப் போகும் ஒயர்களை ஒவ்வொன்றாக அறுத்தேன். (பிடுங்கியிருந்தால் திரும்பச் சொருகியிருக்கலாம். நான் அறுத்தேன்.)

கரையில் ஏஜென்டுகளுக்கு மூன்றாவது தடவை இளநீர் கொடுக்கப்பட்டது. மாமியார், “போதும் மாப்ள, தூத்துக்குடிலருந்து ஆளு வரட்டும்” என்றார். அந்த ஒரு சொல்தான் என்னை உசுப்பிவிட்டது. லாரிக்காரர்கள் ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டையும் ஸ்குரு டிரைவரால் இணைத்து வண்டி கிளப்புவதைப் பார்த்திருக்கிறேன். லாரிக்கு ஆவது படகுக்கு ஆகாதா?

“மாமா, கெட்டியாப் பிடிச்சு உக்காருங்க” என்று சொல்லிவிட்டு ஸ்குரு டிரைவரை வைத்தேன்.

சடசடவென்று பொறி பறந்தது. இன்ஜின் கிளம்பியது. இன்ஜினோடு படகும் கிளம்பியது. கரையில் கட்டியிருந்த நைலான் கயிறு, தான் கட்டப்பட்டிருந்த முளைக்குச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தது. நான் படகின் தரையில் மல்லாந்து கிடந்தேன்.

ஒற்றை இன்ஜினில் போகிற படகு, ஸ்டியரிங்கைப் பிடிக்காவிட்டால் நேராகப் போகாது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். இடப்பக்கத்து இன்ஜின் தள்ளத் தள்ளப் படகு வலப்பக்கமாக வட்டம் போட்டது. மாமனார் நான் சொன்னபடி இருக்கையைத்தான் கெட்டியாகப் பிடித்திருந்தார். ஒரு வட்டம் முடிந்தால் அடுத்தது. ஒவ்வொரு வட்டத்திலும் கரையில் நின்றவர்களின் முகம் ஒருமுறை வந்து போனது. மாமியார் தலையில் கை வைத்திருந்தார். ஏஜென்டுகள் கைதட்டினார்கள். பாவம், இதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள்.

“நிப்பாட்டுங்க மாப்ள!”

“சாவியத் திருப்புங்க மாமா!”

“திருப்பிட்டேன்யா! அதத்தான் நீங்க அத்து விட்டீகளே!”

கடைசி ஆயுதமாகப் பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். அந்த ரக இன்ஜின் ஒருமுறை கிளம்பிவிட்டால் பேட்டரியை மதிக்காது என்பது நான் படித்த பாடத்தில் இல்லை. அது பாட்டுக்கு ஓடியது.

அந்நேரம் பார்த்துக் கம்பெனி வேன் ஒன்று ஷிப்ட் முடிந்து கண்மாய்க்கரை வழியாக வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். ஜன்னலெல்லாம் தலை. கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது.

“ஏலே, இங்கன வந்து பாருங்கலே! மொதலாளியும் மாப்ளயும் தரைச்சக்கரம் விடுதாக!”

பட்டாசுக்காரர் வாழ்க்கையில் எவ்வளவோ தரைச்சக்கரம் விற்றிருக்கிறார். உள்ளே உட்கார்ந்து சுற்றியது அதுதான் முதல்முறை. “ஐயோ, தலை சுத்துதே” என்று அவர் ஸ்டியரிங்கை ஒடிக்க, படகு வட்டத்தை விட்டு விலகி, தண்ணீருக்குள் நின்ற சீமைக்கருவேலங் காட்டுக்குள் நுழைந்தது. புரொப்பல்லரில் யாரோ போட்டிருந்த மீன்வலை சுற்றிக்கொண்டது. இன்ஜின் இருமி நின்றது. அதை நிறுத்திய பெருமை முழுக்க அந்த வலைக்குத்தான்.

முள்ளுக்குள் தவழ்ந்து மாமனாரிடம் போனேன். அவர் முகமெல்லாம் கீறல், வேட்டியின் பாதி ஒரு கிளையில் கொடியாகப் பறந்தது. அப்போதுதான் அவருடைய கைக்குப் பக்கத்திலிருந்த இரண்டு கியர் லீவர்களைக் கவனித்தேன். வலது லீவர் நடுவில் இருந்தது. இடது லீவர் முன்னால் தள்ளியிருந்தது. கியரில் கிடக்கும் இன்ஜினைச் சாவி கிளப்பாது. தப்பித்தவறி யாரும் இப்படிப் பாயக்கூடாது என்றுதான் இன்ஜின் செய்தவன் அப்படி வைத்திருக்கிறான். பேட்டரியில் கோளாறு இல்லை, சாவியில் கோளாறு இல்லை. காலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, லீவர்மேல் கைவைத்து விதவிதமாகப் போட்டோ எடுத்துக்கொண்டது யார் என்று எனக்குத் தெரியும்.

வாய்வரை வந்துவிட்டது. அவர் முறைத்தார்.

“என்னத்தப் படிச்சீக?” என்றார்.

“தப்புத்தான் மாமா” என்றேன். கல்யாணத்துக்குக் குறித்திருந்த தை மாதம் வர இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மணவறையைச் சுற்றிவந்தபோது, “மாப்ளைக்குச் சுத்தச் சொல்லியா குடுக்கணும்?” என்று சித்தப்பா ஒருவர் கேட்க, ஐயர் உட்படச் சிரித்தார்கள். பிறகு நான் இன்வெர்ட்டர் கடை வைத்தேன். கரண்டு கட் ஆன காலத்தில் சிவகாசியில் பல வீடுகளில் வெளிச்சம் என் கைங்கரியம். மாமனார் வீட்டில் மட்டும் இன்றைக்கும் மெழுகுவர்த்திதான். ஃபியூஸ் போனால்கூட, “நீங்க உக்காருங்க மாப்ள, நமக்கு வீடு நின்ன எடத்துல நிக்கணும்” என்பார். வந்த விருந்தாளி காரணம் கேட்பார். முழுக்கதையும் ஓடும். ஒவ்வொரு தடவையும் வட்டங்களின் எண்ணிக்கை கூடும்.

போன பொங்கலுக்கும் ஓடியது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனம் பொறுக்காமல் மீனாவிடம் முதல்முறையாக லீவர் விஷயத்தை உடைத்தேன்.

“தெரியும். அப்பா போட்டோவுக்கு நிக்கையில தள்ளுனாக. நாந்தான போட்டோ எடுத்தேன்” என்றாள்.

காரை ஓரம் கட்டினேன். “அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா அப்பா ரோஷத்துல கல்யாணத்த நிப்பாட்டியிருப்பாக.”

“இப்பயாவது சொல்லேன்.”

மீனா தலையை ஆட்டினாள்.

“வேண்டாம்ங்க. அவுகளுக்கும் வயசாயிருச்சு. டாக்டர் இனிப்பு, உப்பு எல்லாத்தையும் நிப்பாட்டிட்டாரு. நீங்க ஒருத்தர்தான் மிச்சம்.”