கறை போனது, கோட்டும் போனது

அன்பும் அறிவும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

நானும் உங்கள் அத்தையும் நமது சலவைக்கடையும் சுகம். உங்கள் சுகத்தை மகள் சொல்லித் தெரிந்துகொள்கிறோம். நீங்கள்தான் போனை எடுப்பதில்லையே.

நீங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம் பிரமாதம். துணி வந்ததும் நிறம், அளவு, கறை என்று தட்டினால், அந்த அடையாளத்தை வைத்தே கணக்குப் போட்டுக் கண்ணாடி அலமாரியில் ஓர் அறை ஒதுக்குகிறது, கேட்டால் கதவைத் திறக்கிறது. தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேன். போன வாரம் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்து, "சார், இன்டர்வியூவுக்கு நேரமாச்சு, எங்கிட்ட இருக்கறதே அந்த ஒரு கோட்டுதான்" என்றாள். காபிக் கறையோடு வந்த நீலக் கோட்டு. வெளுத்து அதே அறையில் மாட்டி, பதிவிலும் 'கறை இல்லை' என்று திருத்தியிருந்தேன், நாணயமான கடையாச்சே! அப்படியே தட்டினேன், வேறு ஏதோ காலி அறையைத் திறந்து பல்லிளித்தது. சரி, பழையபடி 'காபிக் கறை' என்று தட்டினேன். சரியான அறைக்கே போய், இதில் கறை இல்லையே, இது அது இல்லை என்று கையை விரித்தது. உள்ளே இருக்கும் துணிகளை எண்ணச் சொன்னால் கோட்டும் கணக்கில் இருக்கிறதாம், எடுக்கச் சொன்னால் இல்லையாம்! அதுவோ கண்ணெதிரே தொங்குகிறது. அந்தப் பெண் அழுதேவிட்டாள். உங்கள் அத்தை இஸ்திரிப் பெட்டியோடு கண்ணாடியை உடைக்கக் கிளம்பினாள். "மாப்பிள்ளை செஞ்ச அலமாரிடி!" என்றேன். "அதனாலதான் உடைக்கறேன், விடுங்க!" என்றாள்.

நல்லவேளை, மகள் போனை எடுத்தாள். "மாறக்கூடியதைப் போய்ச் சாவியா வச்சிருக்காருப்பா! உள்ளே வச்சப்ப ஒரு அடையாளம், நீங்க திருத்தினப்புறம் வேற அடையாளம், அப்புறம் எப்படிக் கிடைக்கும்? மொத்தப் பட்டியலைத் திறந்து, கறையைத் திரும்பப் போடுங்க" என்றாள். கோட்டில் இல்லாத கறையைக் கணினியில் பூசினேன். கதவு படக்கென்று திறந்தது. அந்தப் பெண் கோட்டை மாட்டிக்கொண்டே ஓடினாள். மகள் அங்கிருந்தபடியே புரோகிராமைத் திருத்திவிட்டாள். இனி ஒவ்வொரு துணிக்கும் ஓர் எண் தைக்கிறோம், எண்தான் சாவி. எதை வெளுத்தாலும் அது மாறாது. மனசு குளிர்ந்து கிடக்கிறோம், மாப்பிள்ளை. உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கஞ்சி போட்ட சட்டையாக நீங்கள் இருவரும் நிமிர்ந்து வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது! சந்தோஷத்தில் ஆபீஸ்காரர்களையெல்லாம் கூட்டிவந்து துணி கொடுக்க வைத்தாள். எண்கள் முன்னும் பின்னுமாக, பார்க்கவே கண்றாவியாக இருக்கிறது என்று உங்கள் அத்தை இன்று காலை எல்லாவற்றையும் பிரித்து, வரிசையாக வேறு எண் தைத்து, கணினியிலும் திருத்திவிட்டாள். இப்போது எந்த எண்ணைத் தட்டினாலும் ஒரு கதவும் திறக்கவில்லை, வாசலில் மொத்த ஆபீசும் நிற்கிறது. இந்தக் கடிதம் வந்து சேரும்வரை காத்திருக்காமல் உடனே புறப்பட்டு வரவும்.