சீல் வைத்த அறைக்குள் மணி அடித்தது

அரக்கு ஆறுவதற்குள் உள்ளே போன் அடித்தது.

கதவைப் பூட்டி, பூட்டைத் துணியால் சுற்றி, சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரையை அழுத்தி முழுதாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அறைக்குள் நேற்று ஓட்டுப் பதிவான நூற்றுப்பன்னிரண்டு மிஷின்கள். வெளியே சீல் வைத்த குமாஸ்தா, துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர், இரண்டு வேட்பாளர்களின் ஏஜென்டுகள். ஓட்டு எண்ணிக்கை நாளை மறுநாள். அதுவரை அந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது.

குமாஸ்தா சட்டைப் பையைத் தடவினார். காலி. பேன்ட் பையைத் தடவினார். அதுவும் காலி.

ஆபீஸில் அவருக்கு அரக்கு சார் என்று பெயர். அவர் வைத்த சீல் ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. முப்பத்துமூன்று வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவர். ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாதம். அறைக்குள் போன் கொண்டுபோனால் சஸ்பென்ஷன் என்பது சட்டம். அதைக் காலையில் உரக்கப் படித்துக் காட்டி, ஏஜென்டுகளின் போன்களை வாசலிலேயே பிடுங்கி வைத்தவரும் அவர்தான். அவருடைய போனைப் பிடுங்கத்தான் ஆளில்லை. பெட்டிகளை எண்ணும்போது எங்கேயோ வைத்த மாதிரி லேசாக ஒரு ஞாபகம்.

"உள்ள ஏதோ அடிக்குது," என்றார் முதல் ஏஜென்ட். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்.

"நானும் கேட்டேன்," என்றார் இரண்டாவது ஏஜென்ட். டூவீலர் மெக்கானிக். இந்தத் தேர்தலில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

அரக்கு சார் பலமாக இருமினார். மணி அதைவிடப் பலமாக அடித்தது.

"அது ஃபயர் அலாரம். டெஸ்டிங்," என்றார்.

"அப்படியா? எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணுவீங்க?"

"அரை மணிக்கு ஒரு தடவை."

இதை ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. வாத்தியார் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, 'பத்து பத்து: அலாரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அரக்கு சார் போலீஸ்காரரை மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கி, போனை இரவல் வாங்கினார். தன் நம்பர் அவருக்குத் தெரியாது. தேர்தல் வேலைக்கென்று எல்லா ஊழியர்களுக்கும் ஒரே மாதிரி கொடுத்திருந்த கறுப்பு போன் அது. ரிங்கும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வாங்கி பத்து நாள்தான் ஆகிறது. தனக்குத்தானே யார் போன் செய்து பார்க்கிறார்கள்? தெரிந்தது மனைவியின் நம்பர் மட்டும்தான்.

"நான்தான் பேசறேன். இனிமே எனக்கு போன் பண்ணாத."

"நான் எங்க பண்ணேன்? காலைல எட்டு மணிக்கு ஒரு தடவை பண்ணதோட சரி."

"இப்ப பண்ணலையா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? துணி துவைச்சுக்கிட்டு இருக்கேன்."

"பொய் சொல்லாத."

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் இந்த வார்த்தையை இரண்டாவது தடவையாகச் சொல்கிறார். முதல் தடவை சொன்னதற்கே இன்னும் அனுபவித்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

சரி, இனி அடிக்காது என்று நிம்மதியாகத் திரும்பினார். பத்து நாற்பதுக்கு வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அலாரம் அடிக்கலையே?"

"அடிக்கும்."

"அரை மணி ஆச்சே. யாராவது ஒயரைக் கட் பண்ணிட்டாங்களா?"

"அலாரம் கட் ஆயிடுச்சுன்னா உள்ள ஆள் இருக்கான்னு அர்த்தம்," என்றார் மெக்கானிக்.

இப்போது மணி அடித்தே ஆக வேண்டும். அரக்கு சார் மறுபடி மாடிப்படிக்கு அடியில் ஓடினார்.

"ஏம்மா, எனக்கு ஒரே ஒரு தடவை போன் பண்ணேன்."

"பண்ணாதன்னு சொன்னது யாரு?"

"அது அப்ப. இது இப்ப."

"நான்தான் பொய் சொல்றவளாச்சே. உண்மை பேசறவ யாராவது கிடைச்சா அவளைப் பண்ணச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வராந்தாவுக்குள் காலெடுத்து வைத்ததுமே உள்ளே மணி அடித்தது. கோபம் ஆறிவிட்டாள் போலிருக்கிறது என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மகராசி.

மகராசி அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்து நாற்பத்தைந்துக்கு அடித்தது. பத்து ஐம்பதுக்கு இரண்டு தடவை. வாத்தியாரின் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியது.

"இதுல ஒரு கணக்கும் வரலையே," என்றார் வாத்தியார்.

"சார், நான் இருபது வருஷமா ஹாரன் ரிப்பேர் பண்றவன். எந்த அலாரமும் சரியா பத்து தடவை அடிச்சுட்டு நிக்காது," என்றார் மெக்கானிக். "இது போன். எவனோ மிஷினுக்கு போன் போட்டு ஓட்டை மாத்துறான்."

"மிஷினுக்கு போன் போட முடியாதுங்க. அதுல ஒயரும் கிடையாது, நெட்டும் கிடையாது."

"அப்ப அடிக்கிறது என்ன?"

அரக்கு சாரிடம் இதற்குப் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

பதினோரு மணிக்கு வாசலில் இருபது பேர் நின்றார்கள். பதினொன்றரைக்கு இருநூறு பேர். ஒவ்வொரு தடவை மணி அடித்ததும், "போச்சு, நம்ம ஓட்டு நூறு போச்சு!" என்று இடது பக்கம் கத்தியது. "போனது உங்களுதா? எங்களுதுதான் போச்சு!" என்று வலது பக்கம் கத்தியது. இரண்டு பக்கமும் தோற்றுக்கொண்டிருந்த விசித்திரமான தேர்தலாக அது மாறியது.

சத்தம் வெளியே வராமலிருந்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. கதவின் மேலே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஸ்டூலில் ஏறி, அதன் இடுக்கில் பஞ்சை அடைத்து, பஞ்சின் மேல் அரக்கையும் ஊற்றினார். தொழில் சுத்தம், ஒரு துளி சிந்தவில்லை. முடித்துவிட்டுத் திரும்பினால், நாற்பது போன்கள் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

'ஆதாரத்தை அரக்கு ஊற்றி மறைக்கும் அதிகாரி' என்று அந்தப் படம் கால் மணி நேரத்தில் ஊரெல்லாம் சுற்றியது. முப்பத்துமூன்று வருஷத்தில் அவரை அதிகாரி என்று யாராவது அழைத்தது அன்றைக்குத்தான். முதல் கல் பன்னிரண்டு மணிக்கு விழுந்தது. ஒரு டியூப்லைட் போனது.

பன்னிரண்டரைக்குத் தேர்தல் அதிகாரி மேடம் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். ஜன்னல் அரக்கைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"உள்ள என்ன இருக்கு?"

அரக்கு சார் வாயைத் திறந்தார். அலாரம் என்றுதான் சொல்ல வந்தார். வெளியே இருநூறு பேர் கல்லோடு நின்றார்கள். இந்தப் பொய் இன்னும் அரை மணி நேரம் தாங்கினால் யாருக்காவது மண்டை உடையும். அவமானத்தில் காது சுட்டது.

"என் போன், மேடம். உள்ள வச்சுட்டேன். வீட்டுக்காரி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. வேற ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடதுதான்."

மேடம் சீலை உடைக்கச் சொன்னார்.

அதன்பின் எல்லாம் முறைப்படி நடந்தது. கேமரா வந்தது. அவர் வைத்த சீலை அவரே உடைத்தார். மேடம், வாத்தியார், மெக்கானிக், அவர் என நான்கு பேரும் உள்ளே போனார்கள். மிஷின்கள் நூற்றுப்பன்னிரண்டும் வைத்தபடியே இருந்தன. மேல் சீல் ஒன்றும் கலையவில்லை. மூன்றாவது வரிசையில், சுவரோரம், இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒரு கறுப்பு போன் கிடந்தது. அடித்து அடித்து சார்ஜ் தீர்ந்து செத்துப்போயிருந்தது.

"இதுதானா?"

"இதேதான் மேடம்."

மேடம் அதைக் கவரில் போட்டார். கவருக்கும் அரக்கு சாரே சீல் வைத்தார். 'இந்த போன் என்னுடையது' என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக ஏஜென்டுகளும் கையெழுத்துப் போட்டார்கள்.

"தப்பு பண்ணிட்டேன்னு தானா ஒத்துக்கிட்ட கவர்ன்மென்ட் ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன்," என்றார் மெக்கானிக். வாசலுக்குப் போய், "வீட்டுக்காரம்மா போனுப்பா! எல்லாரும் கிளம்புங்க!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. சிரித்தபடியே கலைந்தது. பலருக்கு அது சொந்த அனுபவமாக இருந்திருக்க வேண்டும்.

வாத்தியார் நோட்டில் அன்றைய பக்கத்தைக் குறுக்கே அடித்து, 'சந்தேகம் இல்லை' என்று எழுதி அரக்கு சாரிடம் காட்டினார்.

"சஸ்பென்ஷன் வேண்டாம்," என்றார் மேடம், காரில் ஏறும்போது. "மெமோவும் வேண்டாம். இந்தத் தேர்தலை ஜனங்க நம்புறதுக்கு நீங்க சொன்ன அந்த ஒரு உண்மைதான் காரணம்."

ஏஜென்டுகள் சாப்பிடப் போனார்கள். அரக்கு சார் மறுபடி கதவைப் பூட்டி, துணி சுற்றி, அரக்கை உருக்கினார். இத்தனை அழகான சீலை அவர் சர்வீஸிலேயே வைத்ததில்லை. சாயங்காலம் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தபடி, அரக்கின் மேல் ஊதினார்.

அப்போது, காலையில் பெட்டிகளை ஏற்றிவந்த லாரியின் டிரைவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"சார், காலைல என் சீட்டுலயே போனை விட்டுட்டு இறங்கிட்டீங்களே, இந்தாங்க, எட்டு மணிக்கு உங்க வீட்டம்மா ஒரு தடவை கூப்பிட்டாங்க, அதோட ஒரு காலும் வரல."