சத்தம் நின்ற அம்பாசிடர்

ஞாயிற்றுக்கிழமை காலை. திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு வீடு. சமையலறைத் தொட்டியின் முன் நின்று, நார் எடுத்து, எலுமிச்சை வாசனைச் சோப்பைக் குழைத்து, மூலைமுடுக்கெல்லாம் விரல் விட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார் நூர் அகமது. மனைவி நஸீராவுக்கு ஒத்தாசை செய்கிறார் போலும் என்று நீங்கள் நெகிழ்ந்துவிட வேண்டாம். கழுவப்படுவது அவருடைய பழைய அம்பாசிடரின் எஞ்சின் மேல்மூடி. சாப்பிட்ட தட்டை அவர் இப்படிக் கழுவி நஸீரா ஒருநாளும் பார்த்ததில்லை.

வாசகர்களே, இவர்தான் வீட்டு மெக்கானிக்.

பிழைப்புக்கு வேறு தொழில் இருக்கும். நூர் அகமதுவுக்குத் தோல் வியாபாரம். ஆனால் மனசு முழுக்க ஸ்பானர். ஒர்க்‌ஷாப்பைத் தாண்டிப் போகும்போது முகத்தைச் சுளித்து, "பயலுக வண்டியக் கெடுத்துருவானுக" என்பார். எந்த வேலையையும் "ஒரு மணி நேரந்தான்" என்று சொல்லித் தொடங்குவார். எந்த நாளின் மணி என்று சொல்லமாட்டார். புதுக் கருவி வாங்கினால் வீட்டாருக்குக் காட்டுவார், வீட்டார் கொட்டாவி விட்டால் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவார், அங்கேயும் ஆளில்லையென்றால் தானே திறந்து பார்த்து மூடிவைப்பார். தனியாகவே எல்லாம் செய்துவிடுவார். டார்ச் பிடிக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும். உலகத்தில் டார்ச்சைச் சரியாகப் பிடித்த மனைவி உண்டா?

"அங்க காட்டு. அங்கன்னா அங்கயா? இங்க."

"எங்கன்னு கைய நீட்டிச் சொன்னாத்தான தெரியும்?"

"கையிலதான் ஸ்பானர் இருக்குல்ல."

அன்றைக்கு நஸீராவுக்கு டார்ச் பிடிக்க நேரமில்லை. வேடசந்தூரில் கட்டிக்கொடுத்த மகள் பாஸிலாவுக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துவர வேண்டும். இன்று அந்தி மஃரிபு பாங்கோடு சபர் மாதம் பிறக்கிறது. சபர் பீடை மாதம், அதில் பிள்ளைத்தாச்சியை வாசல் தாண்ட விடமாட்டோம் என்று சம்பந்தியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சபர் முடிந்தால் எட்டாம் மாதம். எட்டில் யார் அனுப்புவார்கள்? இன்று அந்தி சாய்வதற்குள் அழைத்து வராவிட்டால், பேரப்பிள்ளையை வேடசந்தூரில் போய் விருந்தாளியாகத்தான் பார்க்க வேண்டும். நஸீரா விடியலிலேயே எழுந்து தேங்காய்ச் சோறும் கறியும் ஆக்கிவிட்டார்.

இப்படிப்பட்ட நாளில் எஞ்சினைத் திறப்பாரா ஒருவர்? இப்படிப்பட்ட நாளில்தான் திறப்பார். போன பெருநாளில் சம்பந்தி சிரித்துக்கொண்டே, "உங்க வண்டி முக்குல திரும்பும்போதே கேட்டுருது. மில்லு பஸ்ஸுன்னு நெனச்சு ஆளுக ஓடிவாராங்க" என்று சொல்லிவிட்டாரே. டக்டக்கென்ற அந்தச் சத்தத்தை இன்று அடக்கிக் காட்டவேண்டாமா?

சத்தம் எங்கிருந்து வருகிறது? எஞ்சினுக்குள் பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விட்டு, புகையை வெளியே தள்ளும் சின்னக் கதவுகள் உண்டு. வால்வு என்பார்கள். அந்தக் கதவுக்கும் அதைத் தட்டித் திறக்கும் இரும்புக் கைக்கும் நடுவே, ஒரு மெல்லிய தகடு உரசிப் போகுமளவு இடைவெளி இருக்கவேண்டும். இரும்பு சூடேறினால் நீளுமே, அதற்காக. இடைவெளி கூடிப்போனால் சத்தம். திருகைச் சற்றே இறுக்கி, அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும்.

போதும் என்ற இடத்தில் நிற்கிறவரா நம் ஆள்? இறுக்கினார். தகடு உரசிப் போனது. இன்னும் இறுக்கினார். தகடு நுழையவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாத் திருகுக்கும் இன்னொரு அரைச்சுற்று.

மதிலுக்கு மேல் தலையை நீட்டினார் பக்கத்து வீட்டு உடையப்பன். "பாய், அதுல லேசா கேப் விடணும்பாகளே?"

"அதெல்லாம் கம்பெனிக்காரன் பயந்துக்கிட்டு எழுதிவைக்கிறது, உடையப்பன்."

நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லி வெகுநேரமாகிவிட்டது. நஸீரா வாசலுக்கு வந்தார்.

"ஏங்க, சம்பந்தியம்மா மறுபடி போன் போட்டுட்டாங்க. புள்ள பையக் கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. டாக்ஸிக்குச் சொல்லட்டா?"

"சொந்த வண்டி நிக்கையில வாடகை வண்டியிலயா சம்பந்தி வீட்டுக்குப் போறது?"

"நிக்கத்தான் செய்யுது."

மூடியை மாட்டினார். சாவியைத் திருகினார். எஞ்சின் வழுவழுவென்று சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவே இல்லை.

"கேட்டீகளா உடையப்பன்? சத்தம் இருக்கா?"

"இல்ல பாய். எஞ்சினும் ஓடலயே."

"அது வேற பிரச்சன."

கேஸ்கெட் போடாத குக்கரில் விசில் வருமா? இறுக்கிய இறுக்கில் கதவுகள் முழுசாக மூடமுடியாமல் வாய் பிளந்து நிற்கின்றன. ஆனால் கடைசியாகத் தான் கை வைத்த இடத்தில் கோளாறு இருக்கும் என்று நம்பிய வீட்டு மெக்கானிக் இதுவரை பிறக்கவில்லை. பேட்டரியைச் சந்தேகித்தார். பிளக்குகளைக் கழற்றினார். பெட்ரோலில் கலப்படம் என்றார். கார்புரேட்டரைப் பிரித்து, வெயில் படாமல் இருக்கட்டுமென்று கூடத்துக்குக் கொண்டுவந்து, சோபாவில் நாளிதழ் விரித்து வரிசையாக அடுக்கினார். நாற்காலிகளில் பிளக்குகளும் ஒயர்களும் அமர்ந்தன.

பிற்பகல் அஸர் தொழுததும் நஸீரா புர்காவைப் போட்டுக்கொண்டு, சோற்றுத் தூக்குகளோடு வெளியே வந்தார். தெருமுனையில் டாக்ஸி நின்றது.

"செத்த நேரம் இரு, இந்தா முடிஞ்சிருச்சு."

"நீங்க முடிங்க. நான் கூட்டிட்டு வாரேன்."

மஃரிபு பாங்குக்குச் சற்று முன் டாக்ஸி திரும்பியது. மூச்சு வாங்க உள்ளே வந்த பாஸிலா, இடுப்பில் கை வைத்துக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"அத்தா, நான் எங்கன உக்கார?"

"கார்புரேட்டர மட்டும் தொட்டுறாதம்மா. வரிசையா வச்சிருக்கேன்."

நஸீரா அந்த வரிசையை நாளிதழோடு அள்ளிக்கொண்டு போய் அவருடைய தலையணைமேல் கொட்டிவிட்டு வந்து, மகளைச் சோபாவில் உட்காரவைத்தார்.

நூர் அகமது மகள் பக்கம் குனிந்து, "ஆனா சத்தம் நின்னுருச்சும்மா" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் கார் இல்லை. நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் மடியில் வயிறு திறந்து கிடக்கிற அந்த மிக்ஸி யாருடையது? இத்தனை நேரம் அதைத் திருகிக்கொண்டேதானே இதைப் படித்தீர்கள்? சற்றுமுன் ஊறவைத்த அரிசியோடு ஒருவர் கதவோரம் வந்து, "இன்னைக்கு இது ஓடுமா?" என்று கேட்டார். நீங்கள் அடுத்த திருகைத் தேடினீர்கள். அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, பாத்திரத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.