சாக்கடைப் புகார்கள், தொகுதி ஏழு

சுற்றறிக்கையில் இரண்டே வரிகள்தான் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொரு கோப்பின் மேலும், உள்ளே என்ன இருக்கிறதோ அதையே பெயராக எழுத வேண்டும். புதிய மேலாளர் தாமே வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார்.

பதிவறை எழுத்தர் அதை மூன்று முறை படித்தார். பிறகு கடைசி அலமாரியின் அடித்தட்டைப் பார்த்தார். அங்கே 'சாக்கடை அடைப்பு: தீராத புகார்கள், தொகுதி ஏழு' இருந்தது. அதற்குள் சாக்கடையும் இல்லை, புகாரும் இல்லை. நான்கு வருடமாக அவர் எழுதிவரும் நாவல் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், எல்லாம் அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில்.

வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் வெளியே போக வேண்டும். அலுவலக நேரத்தில், அலுவலகத் தாளில் நாவல் எழுதியது தெரிந்தால் வேலை போகும், நாவலும் போகும். எது போனால் அதிகம் வலிக்கும் என்று யோசித்துப் பார்த்தார். நாவல் என்றுதான் தோன்றியது. அதை மனைவியிடம் சொல்ல முடியாது.

மூன்றாம் மாடியிலிருந்து படியிறங்கிய ஓர் ஊழியர் கீழே வந்து சேரவே இல்லை என்பதுதான் கதை. எழுத்தர் பழைய அட்டையைக் கழற்றிவிட்டு, புதிய அட்டையில் 'படியிறங்கிய ஊழியர் காணாமல் போனது' என்று எழுதினார். பொய்யும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பதிவறைக்கு வந்த காவல் பிரிவுத் தலைவர் அந்த அட்டையைப் பார்த்துவிட்டார். அவரை எல்லாரும் மீசை என்றே அழைப்பார்கள்.

"இது எங்க பிரிவு சமாச்சாரம் ஆச்சே. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"அது பழைய விஷயம்ணே."

"எவ்வளவு பழசு?"

"நாலு வருஷம்."

"நாலு வருஷமா ஒரு ஆளைக் காணோம். நீங்க ஃபைல் போட்டு மூடி வச்சிருக்கீங்க. நல்லாருக்கு."

மீசை முதல் பக்கத்தை மட்டும் படித்தார். எந்த அறிக்கையையும் அதற்கு மேல் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. மதியத்துக்குள் இரண்டாம் மாடிப் படியில் கயிறு கட்டி, பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்துவிட்டார். இறங்குகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். கீழே சேர்ந்ததும் அங்கேயும் ஒரு கையெழுத்து.

புதன்கிழமை எழுத்தர் அவரைத் தேடிப் போனார்.

"அண்ணே, அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல."

"நடக்காததுக்கு எதுக்குய்யா ஃபைல்?"

"நடக்கலைன்னு தெரியணும்ல."

மீசை ஏற்றுக்கொண்டார். அந்த அலுவலகத்தில் அது புதிதல்ல. "அப்ப அதையே மேல எழுதுங்க," என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். கயிற்றை அவிழ்க்கவில்லை. அவிழ்க்க வேறு பிரிவு கையெழுத்திட வேண்டுமாம்.

எழுத்தர் 'நடக்காதவை' என்று எழுதி அலமாரியில் வைத்தார். வியாழக்கிழமை முதல் ஆளாக வந்தவர் தட்டச்சுக்கார அம்மா.

"சார், என் பதவி உயர்வு விண்ணப்பம் ஒம்போது இருக்கு. இதுல சேர்த்துடுங்க. இப்பதான் அதுக்குச் சரியான இடம் கிடைச்சிருக்கு."

"இல்லைங்க, இது வேற..."

"வேறன்னா? நடக்கும்னு சொல்றீங்களா?"

எழுத்தர் ஒன்பதையும் வாங்கி உள்ளே செருகினார். பின்னாலேயே லிஃப்ட் பழுதுபார்ப்பு வந்தது. மூன்றாம் மாடிக் கழிவறைக்குக் கதவு கேட்ட மனு வந்தது. சாயங்காலத்துக்குள் கோப்பு தலையணை போல வீங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை மேலாளரே தொலைபேசியில் பேசினார்.

"கட்டடத்துலயே பெரிய ஃபைல் உங்ககிட்டதான் இருக்காம். மூணரைக்கு வர்றேன். அதைத்தான் முதல்ல பார்க்கணும்."

எழுத்தர் தம் பக்கங்களை மட்டும் உருவி வேறொரு அட்டையில் வைத்துக் கட்டினார். கிழிக்கப்போகும் தாளை எந்த அதிகாரியும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே 'கிழிக்க வேண்டியவை' என்று எழுதி அடித்தட்டில் செருகிவிட்டு, அறையின் மறுகோடிக்குப் போய் மற்ற கோப்புகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

மேலாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். விநோதமான மனிதராக இருந்தார். எந்தக் கோப்பின் பெயரையும் அவர் படிக்கவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். முடிக்கும்போது முகம் வாடியிருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"வேற பேருக்குள்ள எதுவும் ஒளிஞ்சு கிடக்கலையே?"

"இல்ல சார். இப்ப எல்லாத்துக்கும் அததோட பேருதான்."

அவர் போன பிறகு எழுத்தர் தண்ணீர் குடித்தார். நாவலுக்கு நிதானமாக ஒரு புதிய அட்டை தயாரித்தார். ஐந்து மணிக்குக் குனிந்து அடித்தட்டைப் பார்த்தபோது அங்கே தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

காகிதம் கிழிக்கும் அக்கா வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு வருவார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஓடினார். இரண்டாம் மாடியில் நின்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனா எழுதவில்லை. பென்சிலால் போட்டுவிட்டுக் கயிற்றைத் தாண்டினார்.

கீழ்த்தளத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளை இழைகள் நிறைந்த சாக்குகள். அவர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். நாலு வருடம் மெத்தென்றுதான் இருந்தது.

"அக்கா, 'கிழிக்க வேண்டியவை'ன்னு ஒண்ணு..."

"வந்துச்சே. பென்சில்ல நெறைய அடிச்சு அடிச்சு எழுதியிருந்துச்சு."

"எல்லாம் முடிஞ்சுதா?"

அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த ஆளு கீழ வந்து சேர்றாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டு எந்திரிங்க தம்பி. பின்பக்கம் எழுத்து இருந்தா கிழிக்காதீங்கன்னு திங்கக்கிழமையே மேலாளர் சொல்லிட்டாரு, இப்ப அவரே வந்து வாங்கிட்டும் போயிட்டாரு. உங்க கதையை ரகசியமாப் படிச்சிட்டிருந்த பழைய மேலாளர் மாத்தலாகிப் போறப்ப இவருகிட்ட பாதிக் கதையைச் சொன்னவரு, அது எந்த ஃபைல்ல இருக்குன்னு சொல்லாமப் போயிட்டாராம். அதைக் கண்டுபிடிக்கத்தானே எல்லாத்துக்கும் பேரை மாத்தச் சொன்னதே."